நேரம் போதாதவர்களின் கைபேசி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: படிப்புக்கும் வேலைக்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லாதவர்கள் கைபேசியில் எந்தச் செயலிகளை வைத்திருக்கலாம்? எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியலை எழுதிவிட்டு ஓய்ந்துவிடலாம்தான். ஆனால் வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குத் தேவையானது, கோட்டையில் கணக்காய்வு செய்யும் இளைஞருக்கு உதவப்போவதில்லை. ஆகவே கடிதங்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வெளியிட வேண்டாமென்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாப் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் அடுத்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறேன். பாடசாலை விட்டதும் நேரே ரியூசனுக்குப் போய் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிறது. படித்ததெல்லாம் இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறது. தோழி ஒருத்தி பதினான்கு செயலிகளின் பெயர்களை அனுப்பியிருக்கிறாள். எவற்றை வைத்துக்கொள்வது?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: பதினான்கையும் ஒதுக்கி வையுங்கள். நேரம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும், உங்களை உண்மையில் வருத்துவது மறதி. அதற்கென்றே செய்யப்பட்ட செயலி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அன்கி. தமிழில் எழுதினால் மேலங்கியை நினைவூட்டும் அந்தச் சொல்லுக்கு யப்பானிய மொழியில் மனனம் செய்தல் என்று பொருள்.

இதன் பின்னால் உள்ள எண்ணம் பழையது. ஹேர்மன் எபிங்கவுஸ் என்ற ஜேர்மனிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்பதை அளந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது என்பதும், இடைவெளி விட்டு மீட்டுப் பார்த்தால் நழுவும் வேகம் குறைகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டன. பின்னர் 1970களில் செபஸ்தியன் லைட்னர் என்பவர், கேள்வி அட்டைகளைப் பல பெட்டிகளில் இட்டு, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த பெட்டிக்கும் தவறியதை முதற் பெட்டிக்கும் மாற்றும் முறையைப் பரப்பினார். அந்தப் பெட்டிகளின் வேலையைக் கணினியே செய்யும்படி 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்டதுதான் அன்கி. அட்டையின் முன்பக்கத்தில் கேள்வி, பின்பக்கத்தில் விடை. விடையைப் பார்த்த பின் அது உங்களுக்குக் கடினமாக இருந்ததா, எளிதாக இருந்ததா என்று ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்த அட்டையை நாளை காட்டுவதா, நான்கு நாள் கழித்துக் காட்டுவதா, ஒரு மாதம் விட்டுக் காட்டுவதா என்பதைச் செயலி தீர்மானிக்கிறது. அன்ட்ரொய்ட் கைபேசியில் தன்னார்வலர்கள் உருவாக்கிய அன்கிட்ரொய்ட் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனில் ஏறத்தாழ 25 அமெரிக்க டொலர் ஒருதடவை கட்ட வேண்டும், கணினியில் கட்டணம் இல்லை. அதே பெயரை ஒட்டிய வேறு செயலிகளும் கடையில் இருப்பதால், உருவாக்கியவர் பெயரைப் பார்த்துத் தரவிறக்குங்கள்.

செயலியைத் தரவிறக்கப் பத்து நிமிடம் போதும். அட்டையை எழுதக் கற்றுக்கொள்ளத்தான் நாட்கள் ஆகும். என் தங்கையின் மகள் முதலில் எழுதிய அட்டைகளில் ஒன்று ‘ஒடுக்கற்பிரிவை விளக்குக’ என்று இருந்தது. பின்பக்கத்தில் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் முழுவதும் தட்டச்சிடப்பட்டிருந்தது. அதை வாசித்துவிட்டுத் தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. அந்த ஒன்றையே பதினொரு அட்டைகளாக உடைத்தோம். ‘ஒடுக்கற்பிரிவில் குறுக்குப் பரிமாற்றம் எந்த அவத்தையில் நிகழும்?’ என்று ஓர் அட்டை. ‘முதற் பிரிவின் முன்னவத்தை’ என்று விடை. ‘ஒடுக்கற்பிரிவின் முடிவில் எத்தனை மகட்கலங்கள்?’ என்று இன்னொன்று. ‘நான்கு’ என்று விடை. ஒரு கேள்விக்கு ஒரே வரியில் விடை வர வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் உடையுங்கள். அடுத்ததாக அவள் செய்த பிழை, உற்சாகத்தில் நாளுக்கு அறுபது புதிய அட்டைகளைச் சேர்த்தது. மூன்றாவது வாரத்தில் ஒரே நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் மீட்டலுக்காகக் காத்து நின்றன. அதைக் கண்டதும் செயலியையே அழித்துவிட்டாள். பதினைந்து என்று அளவு வைத்து மறுபடி தொடங்கிய பின்புதான் அது நிலைத்தது.

இணையத்தில் பிறர் செய்த ஆயத்த அட்டைத் தொகுதிகள் ஏராளமாக உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேறு பாடத்திட்டத்தை ஒட்டியவை. நீங்கள் தமிழ் மொழிமூலம் எழுதுவதால், நமது பாடப்புத்தகத்தில் உள்ள கலைச்சொல்லைத்தான் அட்டையிலும் எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளியில் ‘செல்’ என்று கேட்டுவிட்டு விடைத்தாளில் ‘கலம்’ என்று எழுதத் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கடந்தகால வினாத்தாள்களுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தையும், பாட வளங்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் செயலி வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: முதலாம் வினாத்தாளின் ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கு அட்டைகள் கைகொடுக்கும், இரண்டாம் வினாத்தாளின் கட்டுரைக்குக் கைகொடுக்கா. அதற்குப் பேனாவும் தாளும் மணிக்கூடும்தான்.

கேள்வி: பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநராக இருக்கிறேன். செய்ய வேண்டிய வேலைகள் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் குறிப்பேட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்தும் செயலி உண்டா?
– பயிலுநர், கொட்டாஞ்சேனை

பதில்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்துவதாக வாக்களிக்கும் செயலிகள் நிறையவே உண்டு. அவற்றை அலங்கரிப்பதிலேயே ஒரு சனிக்கிழமை கழிந்துவிடும் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். நிறம் தீட்டிய அட்டவணை முடிந்தபோது, அதில் எழுதியிருந்த வேலைகள் ஒன்றுகூடத் தொடங்கப்படாமல் இருந்தன.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. நாளும் நேரமும் குறிக்கப்பட்ட எதுவாயினும் நாட்காட்டிக்குப் போக வேண்டும். நேரம் குறிக்கப்படாத எதுவாயினும் ஒரு பட்டியலுக்குப் போக வேண்டும். நாட்காட்டிக்குக் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் நாட்காட்டியோ ஐபோனின் நாட்காட்டியோ போதும். பட்டியலுக்கு கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசொவ்ட் டூ டூ, டூடூயிஸ்ட் ஆகியவற்றில் எதுவும் சரி, அவற்றுக்கிடையே நுணுக்கமான வேறுபாடுகளை ஆராய்வது உங்களைப் போன்றவருக்கு வீண் வேலை.

சிதறலுக்குக் காரணம் செய்திகள் பல வழிகளில் வருவது. அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் அவை வந்து சேரும் கிணற்றை ஒன்றாக்கலாம். வட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பும் வசதி 2022இன் இறுதியில் வந்தது. பகலில் மேலதிகாரியிடமிருந்து ‘வியாழன் காலை எட்டுக்கு வத்தளைக் களஞ்சியத்தில் இருப்புக் கணக்கெடுப்பு’ என்று செய்தி வந்தால், அதை அழுத்திப் பிடித்து உங்களுக்கே முன்னனுப்பிவிட்டு வேலையைத் தொடருங்கள். இரவு பத்து நிமிடம் அந்த உரையாடலைத் திறந்து, வியாழனுக்குரியதை நாட்காட்டியில் எட்டு மணிக்கும், வீட்டிலிருந்து புறப்படுவதை ஆறே முக்காலுக்கும் எழுதிவிட்டு, செய்தியை அழித்துவிடுங்கள். புறப்படும் நேரத்தையும் எழுதச் சொல்வது காரணத்தோடுதான். கொழும்பில் கூட்டத்துக்குப் பிந்துகிறவர்களில் அநேகர் கூட்ட நேரத்தை மறந்தவர்கள் அல்லர், வீதி நெரிசலை மறந்தவர்கள். படிக்கும் நேரத்தையும் அவ்வாறே ஒரு கூட்டம் போல நாட்காட்டியில் எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் யாராவது அதை நிரப்பிவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வாடிக்கையாளரின் கணக்கு இலக்கங்களையும் தொகைகளையும் உங்கள் சொந்தச் செயலிகளில் எழுத வேண்டாம், வேலையின் பெயர் மட்டும் போதும். மற்றது, செயலிகளுக்கும் ஆயுள் உண்டு. வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியற் செயலியை மைக்ரோசொவ்ட் 2015இல் வாங்கி, 2020 மே மாதத்தில் மூடிவிட்டது. அதற்கு முன் அதில் வாழ்க்கையையே எழுதி வைத்திருந்தவர்கள் பலர். எனவே எதைத் தேர்ந்தாலும், எழுதியதை வெளியே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடிதத்தின் அடியில் பொமடோரோ முறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், பல்கலைக்கழக மாணவராக இருந்த காலத்தில், தக்காளி வடிவிலான சமையலறை மணிக்கூட்டை வைத்து உருவாக்கியது அது. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமடோரோ. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. இதற்கென்று செயலிகள் பல இருந்தாலும் கைபேசியின் சொந்த மணிக்கூடே போதும். நீண்ட கணக்கொன்றைச் செய்து ஐந்தொகை சமப்படப்போகும் வேளையில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும் என்பதால், கணக்கீட்டுப் பாடங்களுக்கு ஐம்பது நிமிடமாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. சட்டம் போன்ற வாசிப்புப் பாடங்களுக்கு இருபத்தைந்து பொருந்தும்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் மகன் இரவு பன்னிரண்டு வரை கைபேசியும் கையுமாக இருக்கிறான். கேட்டால் படிக்கிறேன் என்கிறான். பூட்டிவைக்க ஏதும் செயலி உண்டா?
– ஒரு தாய், தெகிவளை

பதில்: உண்டு, அம்மா. அன்ட்ரொய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்றும் ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்றும் 2018 முதல் கைபேசிக்குள்ளேயே வரும் அமைப்புகள், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று காட்டும், வேண்டிய அளவில் நிறுத்தியும் வைக்கும். பெற்றோரின் கைபேசியிலிருந்தே கட்டுப்படுத்த கூகுளின் ஃபமிலி லிங்க் இருக்கிறது. மகனுக்குப் பன்னிரண்டு வயதென்றால் அதையே சொல்வேன். ஆனால் உயர்தரம் படிக்கும் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் பூட்டைத் திறக்கும் வித்தை நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில், கடந்த ஒரு வாரத்தின் நேரக் கணக்கை அவனையே திறந்து காட்டச் சொல்லுங்கள். குற்றஞ் சாட்டாமல் இருவருமாகப் பாருங்கள். பாடக் காணொளியில் மூன்று மணித்தியாலம் இருந்தால் நீங்கள் சந்தேகப்பட்டது தவறு என்றாகும். மற்றபடி, மின்னேற்றியை அவனுடைய அறையிலிருந்து எடுத்து விறாந்தையில் வைப்பது எந்தச் செயலியையும்விட நன்றாக வேலை செய்யும். காலையில் எழுப்ப மணி வேண்டும் என்பான். புறக்கோட்டையில் மேசை மணிக்கூடு மலிவாகவே கிடைக்கிறது.

கேள்வி: விரிவுரைக் குறிப்புகளையும் நண்பர்களின் கொப்பிகளையும் படம் எடுத்து எடுத்துக் கைபேசி நிறைந்துவிட்டது. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை.
– பொறியியல் மாணவர், மொறட்டுவை

பதில்: படம் எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். கூகுள் டிரைவில் உள்ள ஸ்கேன் வசதியும், ஐபோனின் குறிப்புச் செயலியில் உள்ள அதே வசதியும் தாளின் ஓரங்களைத் தாமே வெட்டி, நிழலை நீக்கி, இருபது பக்கங்களையும் ஒரே பீ.டி.எவ் கோப்பாக்கித் தருகின்றன. வெளிச்செயலி தேவையில்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 100 மில்லியனுக்கும் மேற்பட்ட தடவை தரவிறக்கப்பட்ட காம்ஸ்கேனர் செயலியின் விளம்பரப் பகுதிக்குள் தீங்கான நிரல் இருப்பதை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கஸ்பர்ஸ்கி 2019 ஆகஸ்ட் மாதத்தில் கண்டறிந்தது. கூகுள் அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது, திருத்திய பதிப்பு பின்னர் திரும்பி வந்தது. அடையாள அட்டை முதல் வங்கிப் புத்தகம் வரை நாம் ஸ்கேன் செய்யும் தாள்களை நினைத்துப் பார்த்தால், இந்த இடத்தில் ஒரு செயலி குறைவது நல்லதுதான்.

தேடினால் கிடைப்பதற்கு வழி, கோப்புக்குப் பெயர் வைப்பது. திகதி முதலில், பாடம் அடுத்து, தலைப்பு கடைசியில்: ‘2025-03-12 பாய்ம இயக்கவியல் பேர்னூலி’ என்பது போல. ஸ்கேன் செய்த கையோடு வைக்காவிட்டால் ஒருபோதும் வைக்கமாட்டீர்கள். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடம், மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்குமாகச் சேர்த்துத்தான்; 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்வதால், கலியாண வீட்டுக் காணொளிகள் உங்கள் விரிவுரைக் குறிப்புகளின் இடத்தைத் தின்றுகொண்டிருக்கலாம். பாருங்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் வருகின்றன. பேசினால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தமிழில் வேகமாகத் தட்டச்சிடவும் வழி சொல்லுங்கள்.
– அலுவலகப் பணியாளர், ராஜகிரிய

பதில்: கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்க்கப்பட்டன. செயலியைத் திறந்து ஒளிப்படக்கருவிக் குறியை அழுத்தி, தாளின் மேல் பிடித்தால் சிங்கள எழுத்துகளின் மேலேயே தமிழ் வரிகள் தோன்றும். அச்சிட்ட சுற்றறிக்கைக்கு இது நன்றாகவே உதவுகிறது. கையெழுத்தில், அதுவும் பெரிய அதிகாரிகளின் கையெழுத்தில், நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சாரம் அறிவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சிங்களத்தில் ‘நிவாடு’ என்ற ஒரே சொல் பொது விடுமுறையையும் குறிக்கும், நாம் விண்ணப்பித்து எடுக்கும் லீவையும் குறிக்கும். இயந்திரம் எதைத் தெரிவு செய்கிறது என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள, உண்மையில் லீவு விண்ணப்பங்களை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும் என்று அது சொல்லியிருக்கலாம். கையொப்பமிட வேண்டிய எதையும் மனிதர் ஒருவரிடம் கேட்டுத்தான் கையொப்பமிட வேண்டும். அரசாங்க நடைமுறை பற்றிய ஐயமென்றால் 1919 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். பேச்சு விளங்கும் உங்களுக்குச் சிங்கள எழுத்துகளைக் கற்பது அவ்வளவு கடினமன்று. ‘க, ங, ச, ஞ’ என்ற வரிசை முறை இரு மொழிக்கும் ஏறத்தாழ ஒன்றே. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் தமிழும் சிங்களமும் சேர்ந்து எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். நான் அப்படித்தான் கற்றேன், ‘மருதானை’யிலிருந்து.

தட்டச்சுக்கு இரண்டு வழிகள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் எழுத்தாகும். 2017 முதல் அதில் தமிழ் உண்டு, மொழித் தெரிவில் ‘தமிழ் (இலங்கை)’ என்பதையே தேர்ந்துகொள்ளுங்கள். வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொன்னால் பிழை குறைகிறது. ல, ள, ழ மூன்றையும் பின்னர் ஒருதடவை கண்ணால் சரிபார்க்க வேண்டும். பேச முடியாத இடத்தில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் கைபேசிக்குக் கொண்டுவந்த செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகை இன்றும் எனக்குப் பிடித்தமானது. பழகிய கைக்கு அது வேகம் தரும்.

கேள்வி: நண்பரின் வட்ஸ்அப்பிலிருந்து ‘தவறுதலாக உனக்கு ஒரு குறியீடு வந்திருக்கும், அனுப்பிவிடு’ என்று செய்தி வந்தது. அனுப்பியதும் என் கணக்கு போய்விட்டது. இனி எந்தச் செயலியை நம்புவது?
– தனியார் நிறுவன ஊழியர், பம்பலப்பிட்டி

பதில்: இதில் செயலியின் பிழை ஒன்றுமில்லை, உங்களைக் குறைகூறவும் மாட்டேன், என் பழைய அலுவலக நண்பர் ஒருவரும் இதே வலையில் விழுந்தார். வந்த ஆறு இலக்கம், உங்கள் கணக்கை வேறொரு கைபேசியில் திறப்பதற்கான சாவி. உங்கள் நண்பரின் கணக்கை ஏற்கெனவே பறித்தவர்தான் அவர் குரலில் உங்களிடம் கேட்டிருக்கிறார். உடனே உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய குறியீடு உங்கள் சிம்முக்கே வரும், அதை இட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். பிறகு அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் போய் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, நீங்கள் மட்டும் அறிந்த கடவெண் ஒன்றை வையுங்கள். அவர் முந்திக்கொண்டு தமக்கொரு கடவெண் வைத்திருந்தால் ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும். அதுவரை உங்கள் பெயரில் பணம் கேட்டு வரும் செய்திகளை நம்ப வேண்டாமென்று உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

வங்கிச் செயலிகளையும், கடையின் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் லங்கா கியூ.ஆர் கொடுப்பனவுகளையும் விட்டுவிட வேண்டியதில்லை. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது வரிசையில் நின்றபடி கியூ.ஆர் குறியீட்டை நம் எல்லோருக்கும் பழக்கிவிட்டார்கள். மளிகைக் கடையில் சில்லறை தேடும் நேரம் அதனால் மிச்சமாகிறது. கடையில் ஸ்கேன் செய்ததும் திரையில் தோன்றும் கடைப் பெயரை வாசித்த பின்பே தொகையை உறுதிசெய்யுங்கள். செய்தியில் வரும் இணைப்பை அழுத்தி எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் என்ற இரண்டு கடைகளுக்கு வெளியே உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு ஒப்படை எழுதலாமா? எல்லோரும் எழுதுகிறார்கள்.
– கலைப்பீட மாணவி, கொழும்பு

பதில்: எழுதுவிக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். சட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இந்தக் கருவிகள் மிகத் தேறிவிட்டன. விளங்காத கோட்பாட்டை எளிய மொழியில் சொல்லச் சொல்லலாம், நீங்கள் எழுதிய பந்தியில் வாதம் எங்கே தளர்கிறது என்று கேட்கலாம், வாய்மொழிப் பரீட்சைக்கு முன் உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லலாம். ஆனால் இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் பக்க எண்ணும் கொடுத்து நேர்த்தியாக எழுதித் தருவதும் இவற்றின் பழக்கம். ஈழத்துத் தமிழ் இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் இணையத்தில் எழுத்து குறைவாக இருப்பதால் அந்தக் கற்பனை இன்னும் கூடுகிறது. அது தரும் ஒவ்வொரு நூற்பெயரையும் நீங்களே தேடிப் பாருங்கள். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசி உலாவியிலேயே திறக்கலாம். அங்கும் அகப்படாவிட்டால், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. அங்குள்ள நூலகரைக் கேளுங்கள்.

கேள்வி: தினமும் காலை வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ். இந்த நேரத்தை வங்கியியல் பரீட்சைக்குப் படிக்கப் பயன்படுத்த ஏதும் செயலி?
– வங்கி உத்தியோகத்தர், வெள்ளவத்தை

பதில்: இருக்கை கிடைக்கும் நாளா, கிடைக்காத நாளா என்பதைப் பொறுத்தது. காலி வீதியில் அந்த நேரத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவர் கைபேசியை வெளியே எடுக்காமலிருப்பதே பத்திரம். அன்றைக்குக் காதொலிப்பான் மட்டும். முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் ஒலிக்கோப்பைத் தரவிறக்கி வைத்துவிட்டால் டேட்டாவும் செலவாகாது. ஒரு காதை மட்டும் அடையுங்கள், மற்றதில் நடத்துநர் இறங்குமிடம் சொல்வது கேட்க வேண்டும். இருக்கை கிடைத்த நாளில், இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கும் என்பதால் மேலே மாணவிக்குச் சொன்ன அட்டைச் செயலியே உங்கள் வங்கியியல் பரீட்சைக்கும் பொருந்தும். நான் வேலைக்குப் போன காலத்தில், பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் ஏழு அட்டைகள், கொள்ளுப்பிட்டியில் விழுந்தால் பத்து என்று எனக்கொரு கணக்கு இருந்தது. பச்சை விளக்கு வந்தால் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும்.